வடக்கே பார்த்துட்டு வாங்குங்க!

முத்தோரையில் ஒரு மலைச்சரிவு முழுக்க இரும்புச் சட்டமாக நிற்குமே, பார்த்திருக்கிறீர்களா? ஊட்டி ரேடியோ டெலஸ்கோப். 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் 1970-ல் கட்டி முடித்தார்கள். 'இத்தனை பெரிய சமாசாரத்தை வைக்க ஒரு சமதளம் கிடைக்கலையா?' என்று கேட்கத் தோன்றும்.

சரிவுதான் அதன் சூட்சுமமே. அந்தச் சரிவு சுமார் 11 டிகிரி. நம் நீலகிரியின் அட்சரேகையும் அதுதான். அதனால் டெலஸ்கோப்பின் நீளம் பூமியின் அச்சுக்கு இணையாகப் படுத்திருக்கிறது. ஒரே ஒரு திசையில் மெல்லத் திருப்பினால் போதும், வானத்தில் நகரும் ஒரு புள்ளியை ஒன்பதரை மணி நேரம் விடாமல் துரத்தும்.

எதற்கு இந்தக் கதை என்றால், எங்கள் கட்டபெட்டில் புதிதாகச் சம்பளம் வாங்கும் தம்பிகள் இப்போது, "அண்ணா, ஸ்டார் டிராக்கர் வாங்கணும், எது நல்லது?" என்று கேட்கிறார்கள். (ஒரு தம்பியின் அப்பா, "தேயிலைத் தோட்டத்துக்கு எதுக்குடா டிராக்டர்?" என்றார்.) டிராக்கர் என்பது கைப்பையில் அடங்கும் குட்டி முத்தோரை. பூமி சுற்றும் வேகத்தில் கேமராவை எதிர்ப்பக்கம் திருப்பும் மோட்டார். அவ்வளவுதான்.

அது அவசியமா? பி.காம். படித்தவன் என்பதால் கணக்கிலிருந்து ஆரம்பிக்கிறேன். 500-ஐ லென்ஸின் எம்.எம். எண்ணால் வகுங்கள். 24 எம்.எம். என்றால் 20 விநாடி, 50 என்றால் 10, 200 என்றால் இரண்டரை. அதற்குமேல் ஷட்டரைத் திறந்து வைத்தால் நட்சத்திரம் புள்ளியாக இருக்காது, புழுவாக நெளியும். டிராக்கர் இருந்தால் 50 எம்.எம்.மில் 2 நிமிடம் திறந்து வைக்கலாம். 12 மடங்கு வெளிச்சம்! ஆனால் வானம் நிற்கும், கீழே தேயிலைச் செடி ஓடும். அதற்கு மோட்டாரை நிறுத்திவிட்டுத் தனியாக ஒரு படம் எடுத்து ஒட்ட வேண்டும்.

24 எம்.எம். மட்டும் வைத்திருப்பவர் அவசரப்பட வேண்டாம். 50, 85 என்றால் விக்ஸன் போலாரி மாதிரி 2 கிலோ தாங்கும் சின்ன வகை போதும். 200 எம்.எம். ஆசை இருந்தால் ஸ்கைவாட்ச்சர் ஸ்டார் அட்வென்ச்சர், ஐஆப்ட்ரான் ஸ்கைகைடர் ப்ரோ போன்ற 5 கிலோ ரகம். பெட்டியில் போட்டிருக்கும் எடையில் முக்கால் பங்குக்கு மேல் ஏற்றாதீர்கள். பஸ்ஸில் 'இத்தனை பேர் மட்டும்' என்று எழுதியிருப்பதை நாம் மதிப்பதில்லை. டிராக்கரிடம் அது நடக்காது.

இனி முக்கியமான விஷயம். வெளிநாட்டுக்காரர்கள் எழுதும் விமர்சனத்தில் இது வராது. டிராக்கரின் அச்சைத் துருவ நட்சத்திரத்துக்கு நேராக வைக்க வேண்டும். லண்டன்காரருக்கு அது 51 டிகிரி உயரத்தில். நமக்கோ பதினொன்றரைக்குள். கையை நீட்டி முஷ்டியை மடக்கினால் 10 டிகிரி. அடிவானத்திலிருந்து ஒரு முஷ்டிக்குச் சற்று மேல்! எதிரே ஒரு மலைமுகடோ, நாலு சில்வர் ஓக் மரமோ போதும் மறைக்க. எனவே அச்சைச் சாய்க்கும் அடித்தாங்கி 11 டிகிரிவரை இறங்குமா, இறங்கினால் எதிர் எடைக் கம்பி முக்காலியின் காலில் இடிக்குமா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். நட்சத்திரம் தெரியாவிட்டாலும், அகல லென்ஸுக்கு போன் காம்பஸும் சாய்வுமானியும் சமாளித்துவிடும்.

வடக்கில் நஷ்டம் என்றால் தெற்கில் லாபம். பால்வீதியின் மையம் லண்டனில் அடிவானத்தில் 10 டிகிரிகூட ஏறாது. நமக்கு 50 டிகிரி! ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்து, மாசி விடியற்காலையில் பாருங்கள்.

பணம் கட்டுமுன் காசில்லாமல் ஒரு சோதனை. ராத்திரி உங்கள் இடத்தில் நின்று வடக்கே முஷ்டியை நீட்டுங்கள். மேலே நட்சத்திரம் தெரிந்தால் வாங்குங்கள். மரம் தெரிந்தால் இடத்தை மாற்றுங்கள். இரண்டு கண்கள் தெரிந்தால் அது காட்டெருமை. சத்தமில்லாமல் வீட்டுக்குத் திரும்புங்கள்.