சார்தாம் யாத்திரைக்கு வேண்டியது அகலச் சாலை அல்ல, அதிக நாள்

யமுனோத்ரி, கங்கோத்ரி, கேதார்நாத், பத்ரிநாத் ஆகிய நான்கு தலங்களுக்கும் போகும் சுமார் 900 கிலோமீட்டர் சாலையை அகலப்படுத்த, ஏறக்குறைய 12,000 கோடி ரூபாய் மதிப்பில் 2016 டிசம்பரில் அடிக்கல் நாட்டப்பட்டது. 100 கிலோமீட்டரைத் தாண்டும் நெடுஞ்சாலை விரிவாக்கத்துக்குச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு தேவை. இந்தச் சாலையோ 53 துண்டுகளாகப் பிரிக்கப்பட்டதால் அந்தத் தொல்லை இல்லாமல் போயிற்று. சட்டத்தை மீறாமலே தாண்டிக் குதிக்கும் வித்தை நம் அரசு அலுவலகங்களுக்குப் புதிதா என்ன! திட்டத்தை எதிர்த்த வழக்கு உச்ச நீதிமன்றம் போனபோது, சாலை ஐந்தரை மீட்டர் போதுமா, பத்து மீட்டர் வேண்டுமா என்பதே வாதமாயிற்று. இந்த யாத்திரை எத்தனை நாளில் முடிய வேண்டும் என்பதை முதலில் கேட்டிருந்தால், அகலத்துக்கு இத்தனை அவசரம் வந்திருக்காது.

பாகீரதி, அலக்நந்தா, மந்தாகினி பள்ளத்தாக்குகளில் பல சரிவுகள் கெட்டிப் பாறை அல்ல. பழைய நிலச்சரிவுகளின் கல்லும் மண்ணும் குவிந்து, காலப்போக்கில் படிந்து நிற்பவை. அடியைச் செங்குத்தாக வெட்டினால் மேலே உள்ளது தாங்கல் இழக்கிறது. பிடித்து நின்ற வேர்களும் போனபின், மழைநீர் விரிசல் வழியே இறங்கி மண்ணைக் கனமாக்க, ஒருநாள் மொத்தமாகச் சரிகிறது. வெட்டிய மண்ணை ஆற்றங்கரையில் கொட்டினால் வெள்ளம் அதையும் வாரிக்கொண்டு கீழே உள்ள ஊர்களுக்கு வரும். ஜோஷிமட் பழைய சரிவுமண் மீது அமர்ந்த ஊர், அங்கே கனமான கட்டுமானம் கூடாது என்று அரசு அமைத்த மிஸ்ரா குழு 1976-லேயே எச்சரித்தது. 2023 ஜனவரியில் அந்த ஊர்ச் சுவர்கள் விரிசல் விட்டன. அதே ஆண்டு நவம்பரில், யமுனோத்ரி வழியைச் சுருக்கத் தோண்டிய சில்க்யாரா சுரங்கம் இடிந்து 41 தொழிலாளர்கள் 17 நாள் உள்ளே சிக்கினார்கள். எல்லாவற்றுக்கும் சாலைதான் காரணம் என்பது மிகை. 2013 கேதார்நாத் பெருவெள்ளம் இந்தத் திட்டத்துக்கு முந்தையது. ஆனால் அப்படிப்பட்ட வெள்ளம் வரும் மலை என்று தெரிந்தபின்னும் வெட்டுவதற்கு அது சமாதானம் ஆகாது.

அவசரம் யாத்ரீகரின் உடலையும் விடுவதில்லை. மூவாயிரம் மீட்டருக்கு மேல் போனால், இரவு தங்கும் உயரத்தை நாளுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக்கூடாது என்பது மருத்துவர்களின் பொது அறிவுரை. கௌரிகுண்டம் இரண்டாயிரம் மீட்டருக்குச் சற்றுக் கீழே, கேதார்நாத் 3,583 மீட்டர். இந்த உயரத்தைப் பலர் ஒரே நாளில் ஏறுகிறார்கள். 2022, 2023 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் சார்தாம் யாத்திரையில் உடல்நலக் கோளாறால் இறந்தவர்கள் ஆண்டுக்கு இருநூறுக்கும் மேல்.

வயதானவர்கள் எப்படிப் போவார்கள் என்று கேட்பார்கள். மெல்ல ஏற வேண்டியவர்களே அவர்கள்தாம். ஹெலிகாப்டரில் சில நிமிடங்களில் கொண்டுபோய் இறக்கினால் நுரையீரலும் இதயமும் பழக நேரம் ஏது? ராணுவத்தின் தேவை இதைவிட வலுவான வாதம். 2021 டிசம்பரில் நீதிமன்றம் அதை ஏற்றுத்தான் அகலச் சாலையை அனுமதித்தது. எல்லைக்குப் பீரங்கி போக வேண்டும், மறுப்பில்லை. ஆனால் மலை சரிந்தால் அகலச் சாலையின் இரு தடங்களும் சேர்ந்தே அடைபடும். படைக்கு முதலில் வேண்டியது மழையிலும் திறந்திருக்கும் சாலை.

உள்ளூர்க்காரர் பிழைப்பு கெடும் என்ற கவலைக்குப் பழைய நடைவழியே பதில் சொல்கிறது. ரிஷிகேஷிலிருந்து நடந்துபோன காலத்தில் வழிநெடுகச் சட்டி எனப்பட்ட தங்குமிடங்கள் இருந்தன. கடையில் அரிசி பருப்பு வாங்கினால் தங்க இடமும் சமைக்கப் பாத்திரமும் இலவசம். வருமானம் ஊர் ஊராகப் பிரிந்தது. இன்றோ, பெரியாழ்வார் பாடிய கண்டமென்னும் கடிநகரான தேவப்பிரயாகையில்கூட நிற்காமல் போகும் வண்டிகள் உண்டு. காசு மேலே உள்ள சில ஊர்களில் குவிகிறது.

யாத்திரைக்குப் பெயர்ப் பதிவு ஏற்கெனவே கட்டாயம். கேதார்நாத் போகிறவர் குப்தகாசி போன்ற இடைப்பட்ட ஊர்களில் இரண்டு இரவு தங்கியதைக் காட்டினால்தான் மேலே அனுமதி என்று அதிலேயே சேர்த்துவிடலாம். சோன்பிரயாகை – கேதார்நாத் ரோப்வே ஓடத் தொடங்குமுன் இதைச் செய்தாக வேண்டும். எட்டொன்பது மணி நேரப் பயணம் அதில் 36 நிமிடத்தில் முடியும் என்கிறார்கள். அதற்குப் பழகியவரிடம் போய் இரண்டு இரவு தங்கு என்றால் யார் கேட்பார்கள்?