ஸ்டொக் எடுக்காத கடையும் கணக்கில்லாத கிருமியும்

வருட முடிவில் ஸ்டொக் எடுக்காத கடைக்கு என்ன நடக்கும் என்பது வியாபாரிகளுக்குத் தெரியாததல்ல. பெட்டியில் காசு புரளும், இலாபம் வருவது போலவும் தோன்றும். ஒருநாள் கடன்காரர் வாசலுக்கு வந்த பின்புதான் உள்ளே ஓட்டை இருந்தது விளங்கும். வறிய நாடுகளின் வைத்தியசாலைகளும் மருந்து விடயத்தில் இன்று இந்த நிலையில்தான் இருக்கின்றன.

அன்டிபயோட்டிக் மருந்துகளுக்குக் கிருமிகள் பழகிவிட்டன. 2022இல் 'த லான்செட்' மருத்துவ சஞ்சிகையில் வெளியான மதிப்பீட்டின்படி, 2019இல் மட்டும் இதனால் நேரடியாக மரணித்தோர் தொகை சுமார் 12 இலட்சத்து 70 ஆயிரம். மரண வீதம் மிக அதிகமாக இருந்தது மேற்கு ஆபிரிக்காவிலாகும். ஆனால் மிகக் குறைவான தரவுகள் கிடைத்ததும் ஆபிரிக்காவின் இத்தகைய பகுதிகளிலிருந்துதான். நட்டம் கூடிய கடையில்தான் கணக்குப் புத்தகமே இல்லை.

14 ஆபிரிக்க நாடுகளில் நடந்த ஆய்வொன்றின் முடிவு 2022இல் வெளிவந்தது. அந்நாடுகளின் 50,000 ஆய்வுகூடங்களில் பக்டீரியாக் கிருமியை வளர்த்துப் பரிசோதிக்கக்கூடியவை 1.3 வீதம் மட்டுமே. அதாவது சுமார் 650. ஏனைய இடங்களில் வைத்தியர் நோயாளியின் முகத்தைப் பார்த்து, அனுமானத்தில் மருந்து எழுதுகிறார். அது வேலை செய்யாவிட்டால் அடுத்தது, அதைவிட விலை கூடியது. ஒவ்வொரு அனுமானமும் கிருமிக்கு இன்னொரு பாடம்.

இருக்கும் கணக்கும் நேரான கணக்கல்ல. பெரிய வைத்தியசாலைகளில், முதல் மருந்து பலிக்காத நோயாளிகளிடமிருந்தே பெரும்பாலும் மாதிரி எடுக்கிறார்கள். வாராக்கடன்காரர்களை மட்டும் எண்ணிவிட்டு, ஊரில் ஒருவருமே கடனைக் கட்டுவதில்லை என்று சொல்வது போன்றது இது. இதை நம்பினால் மலிவான மருந்து இன்னும் பலிக்கும் இடத்திலும் விலை கூடிய மருந்தைக் கொடுக்க நேரும்.

செலவை யார் ஏற்பது என்பதே கேள்வி. உலக சுகாதார ஸ்தாபனம் 2015இல் கண்காணிப்பு முறையொன்றை ஆரம்பித்தது. 2023ஆம் ஆண்டுக்கு 104 நாடுகள் தரவு அனுப்பின. ஏறத்தாழ அரைவாசி நாடுகள் அனுப்பவில்லை. ஆசிய, ஆபிரிக்க ஆய்வுகூடங்களுக்குக் கைகொடுத்தது பிரித்தானியாவின் 265 மில்லியன் பவுண் பிளெமிங் நிதி. வெளிநாட்டு உதவியைக் குறைத்த அந்நாடு, 2025 ஜூலையில் அதையும் நிறுத்துவதாக அறிவித்தது. இரவல் முதலில் நடத்தும் வியாபாரம் எப்போதும் இப்படித்தான் முடியும்.

பணமே இல்லை என்பதையும் நாம் அப்படியே ஏற்க முடியாது. 2009இல் பங்களாதேஷின் நன்னீர் இறாலில் நைட்ரோபியூரான் என்ற தடைசெய்யப்பட்ட மருந்தின் எச்சம் காணப்பட்டது. ஐரோப்பாவுக்கான ஏற்றுமதியை அந்நாடே சில மாதங்கள் நிறுத்தி வைக்க நேர்ந்தது. கொள்வனவாளர் கப்பலைத் திருப்பி அனுப்புவார் என்றால் பரிசோதனைக்குக் காசு கிடைக்கிறது. ஏற்றுமதி இறாலுக்கு இருக்கும் ஆய்வுகூடம் காய்ச்சலில் கிடக்கும் பிள்ளையின் இரத்தத்துக்கு இல்லை என்றால், அது வறுமை அல்ல. எதற்கு முதலிடம் என்பதில் உள்ள கோளாறு.

இந்தச் செலவு ஒவ்வொரு நாட்டினதும் வரவுசெலவுத் திட்டத்தில் தனி வரியாக எழுதப்பட வேண்டும் என்பதே எமது கருத்து. கொடையாளி தருவது மேலதிகமாக இருக்கட்டும். எல்லா ஆய்வுகூடங்களையும் ஒரே நாளில் தரமுயர்த்தத் தேவையில்லை. மாகாணத்துக்கு ஒன்றிரண்டு வைத்தியசாலைகளைத் தெரிவுசெய்து, அங்கு வரும் எல்லா வகை நோயாளிகளிடமும் ஒழுங்காக மாதிரி எடுத்தாலே நம்பகமான கணக்கொன்று கிடைக்கும்.

வியாபாரிகளான எமக்கும் இதில் பங்குண்டு. வைத்தியசாலை அபிவிருத்திக் குழுக்களில் எம்மவர் பலர் இருக்கின்றனர். கட்டடமும் கட்டிலும் வாங்கிக் கொடுப்பதில் நாம் பின்நிற்பதில்லை. அவற்றில் பெயர்ப்பலகை மாட்டலாம். ஆனால் பரிசோதனைப் போத்தலும் இரசாயனமும் மாதாமாதம் முடிந்துபோகும் பொருட்கள்; அவற்றில் எவர் பெயரையும் பொறிக்க முடியாது. அடுத்த கூட்டத்தில் ஒரு கேள்வி கேளுங்கள்: "எமது வைத்தியசாலையில் இரத்தத்தில் கிருமி வளர்த்துப் பார்க்க வசதி இருக்கிறதா? இரசாயனம் எத்தனை மாதத்துக்குக் கையிருப்பில் உள்ளது?" பதில் வராவிட்டால், அடுத்த நன்கொடை எங்கே போக வேண்டும் என்பது தெளிவாகிவிடும்.