வாசகர் கேள்வி: அமீனா வருவாரா?

ஓசூர் மாநகராட்சி எல்லைக்குள் தக்காளியும் முட்டைக்கோஸும் போடும் வாசகர் ஒருவரின் கேள்வி இது. சிப்காட் தொழிலாளர்களுக்காக நிலத்தின் ஓரத்தில் ஆறு லைன் வீடு கட்டி வாடகைக்கு விட்டிருக்கிறார். தக்காளி விலை விழுந்த வருடம் வாடகைப் பணம் மருந்துக்கும் கூலிக்கும் போய்விட்டது. வீட்டு வரி ஐந்து அரையாண்டு பாக்கி. "அமீனா வந்து பவர் டில்லரையும் கறவை மாட்டையும் ஓட்டிக்கொண்டு போவார்" என்று யாரோ சொல்ல, டில்லரை ஆனேக்கல்லில் மச்சான் வீட்டில் கொண்டுபோய் நிறுத்திவிட்டார். செய்தது சரியா என்கிறார்.

சரியில்லை. பயமுறுத்தியவர் சொன்னதும் சரியில்லை.

அமீனா நீதிமன்ற ஊழியர். வழக்கு நடந்து, தீர்ப்பாகி, நிறைவேற்று மனுவில் உத்தரவு கிடைத்த பிறகே அவர் வருவார். வரி பாக்கிக்கு முதலில் வருவது மாநகராட்சியின் கேட்பு நோட்டீஸ்தான். வாசலில் யார் நின்றாலும் எந்த அலுவலகம், என்ன காகிதம் என்று கேட்பதே முதல் வேலை. அரசுக்குச் சேர வேண்டிய பாக்கிக்கு வருவாய்த் துறையினர் ஜப்திக்கு வந்தால் 1864-ஆம் ஆண்டு வருவாய் வசூல் சட்டம் பொருந்தும். பாக்கிதாரர் பெயர், தொகை, எப்போது செலுத்த வேண்டியது என்ற விவரத்தோடு கையெழுத்திட்ட காகிதத்தைக் காட்ட வேண்டும். எடுத்த பொருள்களின் பட்டியலோடு நகலும் தர வேண்டும். சூரியன் உதித்த பிறகு, மறைவதற்கு முன்புதான் ஜப்தி. பாக்கிக்கு மிஞ்சிய மதிப்புக்குப் பொருளை அள்ளவும் கூடாது.

அமீனாவே வந்தாலும் எல்லாவற்றையும் தொட முடியாது. உரிமையியல் நடைமுறைச் சட்டம் 60-ஆவது பிரிவின்படி உடுதுணி, படுக்கை, சமையல் பாத்திரம், தாலி ஆகியவற்றுக்கு ஜப்தி இல்லை. விவசாயியின் பிழைப்புக்குத் தேவை என்று நீதிமன்றம் கருதும் உழவுக் கருவி, மாடு, விதை தானியத்துக்கும் இல்லை. ஏர் மாட்டுக்குத் தகராறு வராது. டில்லரும் கறவை மாடும் அப்படியல்ல. அவை இல்லாமல் பிழைப்பு நடக்காது என்று மனுப் போட்டுக் காட்ட வேண்டும்.

எல்லை தாண்டினால் தப்பலாம் என்ற எண்ணம் இந்தப் பக்கத்தில் ரொம்பப் பேருக்கு உண்டு. நிலவரி போல வசூலிக்கக்கூடிய பாக்கி என்றால், 1890-ஆம் ஆண்டு மத்திய சட்டப்படி ஒரு மாவட்ட ஆட்சியர் சான்று அனுப்பினால் அடுத்த மாவட்ட ஆட்சியர் அங்கேயே வசூலிப்பார். அது கர்நாடகமாக இருந்தாலும் அப்படித்தான். நீதிமன்றத் தீர்ப்பை நிறைவேற்ற விடாமல் மோசடியாகப் பொருளை மறைப்பது தனிக் குற்றம்.

ஓட்டத்தை விட்டு, ரசீது புத்தகத்தோடு மாநகராட்சி அலுவலகம் போகலாம். ஆறு கதவுக்கும் போட்ட வரி சரியா, பயிர் நிற்கும் நிலத்துக்குக் காலிமனை வரி சேர்ந்திருக்கிறதா என்று கேட்புப் பட்டியலைப் பார்க்க வேண்டும். சேர்ந்திருந்தால் அடங்கல் நகலை வைத்து ஆட்சேபணை கொடுக்கலாம். முடிந்த தொகையைக் கட்டி ரசீது வாங்கிக்கொண்டு, மீதிக்குத் தவணை கேட்டு ஆணையருக்கு மனுக் கொடுத்து, நகலில் முத்திரை வாங்க வேண்டும். "நான் பார்த்துக்கொள்கிறேன்" என்பவர் கையில் ரொக்கம் கொடுக்கவே கூடாது. வக்கீல் வைக்க வசதி இல்லாதவர் ஓசூர் நீதிமன்ற வளாகத்தில் வட்ட சட்டப் பணிகள் குழுவை அணுகலாம். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம்.

டில்லரை இந்த வாரமே கொண்டுவந்துவிடட்டும். அடுத்த தக்காளி நடவுக்கு உழ வேண்டிய நிலம் ஓசூரில் இருக்கிறது.