முந்நூறு பக்கத்துக்கு எட்டு மணி நேரமா?

அக்கா மகளுக்குப் பத்து வயது. விடுமுறைக்கு வந்திருந்தவளுக்கு ராத்திரி தூங்கப் போகும் முன் டோல்கீனின் 'ஹாபிட்' நாவலைத் தினம் கொஞ்சமாகத் தமிழில் சொல்லி வந்தேன். முடிந்த கையோடு, "இது படமா வந்திருக்காமே மாமா" என்றாள். வந்திருக்கிறது, ஒன்றல்ல, மூன்று. மூன்று ராத்திரி உட்கார்ந்து பார்த்தோம். மூன்றாவது ராத்திரி, திரை முழுக்க ஒருத்தரை ஒருத்தர் வெட்டிச் சாய்த்துக்கொண்டிருந்தபோது என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"மாமா, பில்போ எங்க?"

நானும் அவனைத்தான் தேடிக்கொண்டிருந்தேன். ஹாபிட் என்பதே பில்போதான். படத்தின் பெயரே அவன் பெயர்தான். அவனையே காணோம் என்றால் என்ன செய்வது?

கணக்கு போட்டுப் பார்த்தால் வயிறு எரிகிறது. முதல் படம் 169 நிமிடம், இரண்டாவது 161, மூன்றாவது 144. கிட்டத்தட்ட எட்டு மணி நேரம். நாவலோ பத்தொன்பது அத்தியாயம், சுமார் முந்நூறு பக்கம். இந்தப் படங்களை எடுத்த பீட்டர் ஜாக்சன்தான், இதே டோல்கீனின் 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' நாவலை, ஆயிரம் பக்கத்துக்கு மேல் போகும் அந்தப் பெரிய கதையை, ஒன்பதே கால் மணி நேரத்தில் சொல்லி முடித்தவர். இங்கே மட்டும் என்ன வந்தது? முதலில் இரண்டு படம் என்றுதான் சொன்னார்கள். முக்கியமான படப்பிடிப்பு முடிந்த பிறகு, 2012 ஜூலையில், மூன்று என்றார்கள். விருந்தாளி கூடிவிட்டால் ரசத்தில் தண்ணீர் ஊற்றுவது நம் வீடுகளில் நடப்பதுதான். இங்கே விருந்தாளியும் கூடவில்லை.

"சினிமா வேற, நாவல் வேற சார்" என்று உடனே ஒருத்தர் கிளம்புவார். தெரியும். 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' படத்தில் டாம் பாம்படிலை அப்படியே தூக்கிவிட்டார்கள். நான் ஒரு வார்த்தை பேசவில்லை. வெட்டினால் பொறுத்துக்கொள்ளலாம். ஊதிப் பெருக்கினால்தான் பொறுக்க முடியவில்லை.

பீப்பாய் காட்சியையே எடுத்துக்கொள்ளுங்கள். நாவலில் எல்ஃப் ராஜாவின் சிறையில், பில்போவோடு பயணம் வந்த பதின்மூன்று குள்ளர்களும் மாட்டிக்கொள்கிறார்கள். காவலர் தலைவன் மதுவைக் குடித்துவிட்டுக் குறட்டை விடும் நேரம் பார்த்து, பில்போ ஒவ்வொருத்தரையும் காலிப் பீப்பாயில் போட்டு, வைக்கோல் திணித்து, மூடி போட்டு அடைக்கிறான். எல்லாரையும் அடைத்த பிறகுதான் உறைக்கிறது: தன்னை அடைக்க ஆளில்லை! கடைசிப் பீப்பாயைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, மாய மோதிரத்தால் கண்ணுக்குத் தெரியாமல், நடுங்கிக்கொண்டே ஆற்றோடு போகிறான். ஆப்பிள் வைத்திருந்த பீப்பாயில் அகப்பட்ட குள்ளன் ஃபீலிக்கு அந்த வாசனையே இனி ஆயுசுக்கும் வேண்டாம் என்றாகிவிடுகிறது. ஏரி நகரம் போய்ச் சேர்ந்ததும் பில்போவுக்கு ஜலதோஷம். மூன்று நாள் தும்மல். விருந்தில் எழுந்து நன்றி சொல்லக்கூட மூக்கு இடம் கொடுக்கவில்லை. அக்கா மகள் இந்த இடத்தில் விழுந்து விழுந்து சிரித்தாள்.

படத்தில் பீப்பாய்க்கு மூடியே கிடையாது. குள்ளர்கள் தலையை நீட்டிக்கொண்டு கத்தி சுழற்றுகிறார்கள். கரையெல்லாம் ஓர்க் அரக்கர்கள். எல்ஃப் வில்லாளி லெகோலாஸ் குள்ளர்களின் தலைமேல் கால் வைத்து நின்று அம்பு விடுகிறார். (ஹாபிட் நாவலில் லெகோலாஸ் என்ற ஆளே கிடையாது.) குள்ளர் பாம்பர் பீப்பாயோடு கரையேறி உருண்டு ஓர்க்குகளை நசுக்குகிறார். எல்லாம் அமர்க்களம்தான். ஆனால் இந்தத் தப்பித்தலுக்கே காரணமான பில்போ எங்கே? தண்ணீரில் எங்கேயோ முங்கி எழுந்துகொண்டிருக்கிறான்.

அடுத்து காதல். டோரியல் என்று ஒரு எல்ஃப் பெண்ணைப் புதிதாகச் சேர்த்து, அவளுக்கும் குள்ளன் கீலிக்கும் காதல், நடுவில் லெகோலாஸுக்கு ஏக்கம். நாவலில் பேர் சொல்லும்படி ஒரு பெண்கூட முன்னால் வருவதில்லை, அந்தக் குறையைத் தீர்க்கப் பார்த்தார்கள் என்றால் சரி, நியாயம்தான். ஆனால் சேர்த்த பெண்ணுக்குக் காதலிப்பதையும் அழுவதையும் விட்டால் கடைசியில் என்ன வேலை மிஞ்சுகிறது? ஓர்க் தலைவன் அசாக்கின் கதை இன்னும் மோசம். டோல்கீன் கணக்கில் அவன் இந்தக் கதைக்குப் பல வருஷம் முன்பே செத்துப்போனவன். கதை முடிவில் நடக்கும் ஐந்து படைகளின் போருக்கு வருகிறவன் அவன் மகன் போல்க். படத்தில் அப்பனையும் எழுப்பி, மகனையும் இறக்கி, ரெண்டு பேரையும் துரத்த விட்டிருக்கிறார்கள். ஆல்ஃப்ரிட் என்கிற அந்தக் கோமாளியைப் பற்றிப் பேச எனக்குப் பொறுமை இல்லை.

எனக்கு ஆறவே ஆறாத இடம் ஒன்று உண்டு. நாவலில் பில்போ தன்னந்தனியாக மலைக்குள் சுரங்கத்தில் இறங்குகிறான். தூரத்தில் செக்கச் சிவந்த வெளிச்சம். டிராகன் தூங்கும் குறட்டைச் சத்தம். அங்கே அவன் நின்றுவிடுகிறான். வாள் சண்டையும் இல்லை, எதிரியும் முன்னால் இல்லை. அந்த இடத்திலிருந்து ஓர் அடி எடுத்து வைத்ததுதான் அவன் வாழ்க்கையிலேயே செய்த பெரிய வீரம் என்கிறார் டோல்கீன். இருட்டில் நிற்கிற ஒரு சின்ன ஆள், அவ்வளவுதான் காட்சி. எட்டு மணி நேரம் எடுத்துக்கொண்டவர்களுக்கு இந்த நிற்றலுக்கு ஒரு நிமிடம் கிடைக்கவில்லை. ஆனால் அந்த டிராகன் ஸ்மாக்கை உருகிய தங்கத்தில் மூழ்கடிக்கும், நாவலில் இல்லவே இல்லாத சண்டைக்கு நேரம் கிடைத்திருக்கிறது.

எடுக்கத் தெரியாதவர்களும் இல்லையே! முதல் படத்தில் கொல்லம் என்னும் குகைவாசியும் பில்போவும் விடுகதை போடும் காட்சியைப் பாருங்கள். ஒரு குகை, ரெண்டு பேர், பேச்சு. ஆண்டி செர்கிஸும் மார்ட்டின் ஃப்ரீமனும் மூச்சுவிட மறக்க வைக்கிறார்கள். இப்படி எடுக்கத் தெரிந்தவர்கள்தான் அப்படியும் எடுத்தார்கள் என்பதுதான் என் ஆதங்கமே.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1960-ல் டோல்கீனே இந்த நாவலைத் திருத்தி எழுத உட்கார்ந்தார். குழந்தைக்குச் சொல்லும் தொனியைக் குறைத்து, 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' நாவலின் கம்பீரத்துக்கு ஏற்றிவிட நினைத்தார். சில அத்தியாயம் தாண்டவில்லை. நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் இது ஹாபிட் இல்லையே என்று படித்த ஒருவர் சொன்னதும் விட்டுவிட்டார். எழுதினவரே முடியாது என்று மூடி வைத்த வேலையைத்தான் இவர்கள் கோடி கோடியாகக் கொட்டி முடித்திருக்கிறார்கள்.

1937-ல் இந்த நாவல் அச்சேறும் முன்பு, பதிப்பாளர் ஸ்டான்லி அன்வின் கையெழுத்துப் பிரதியைத் தன் பத்து வயது மகன் ரெய்னரிடம் கொடுத்துப் படித்துக் கருத்துச் சொல்லச் சொன்னார். கூலி ஒரு ஷில்லிங். பையன் நன்றாயிருக்கிறது என்றான், புத்தகம் வந்தது. படம் எடுத்தவர்களும் ஒரு பத்து வயதுப் பிள்ளையைக் கூப்பிட்டுப் போட்டுக் காட்டியிருக்கலாம். "பில்போ எங்க?" என்று கேட்டிருக்கும்.

யாராவது இன்னொரு தடவை எடுப்பதாக இருந்தால், தயவுசெய்து ஒரே படமாக எடுங்கள். இரண்டரை மணி நேரம் தாராளம். பீப்பாய்க்கு மூடி போட மறக்காதீர்கள்.