ரசாயனம் இல்லாத கரும்புத் தோட்டம்

முதலாளித்துவம் எப்படிப் பிறந்தது? பி.காம். வகுப்பில் எங்களுக்குச் சொன்ன பதில் இதுதான்: நீராவி எந்திரம் வந்தது, சிக்கனமான சிலர் சேமித்தார்கள், சேமிப்பு முதலீடாச்சு. முப்பது வருஷம் வங்கியில் கடன் கொடுத்த எனக்கு இந்தக் கதை ஒட்டவே இல்லை. வெறும் சேமிப்பில் எந்தத் தொழிலும் அவ்வளவு வேகமா வளராது. கடன் வேணும், கடனுக்கு ஈடு வேணும். அந்த ஈடு எது என்று தேடினால் கரீபியன் கடலில் பார்படாஸ் தீவில் போய் நிற்க வேண்டியிருக்கு.

சுமார் 430 சதுர கிலோமீட்டர், நம்ம ஒரு தாலுகா அளவுதான். 1627-ல் ஆங்கிலேயர் குடியேறினார்கள். முதலில் புகையிலை, பருத்தி. 1640-களில் கரும்பு வந்தது. ஒரு தலைமுறைக்குள் காடு அநேகமாகக் காலி. நிலமெல்லாம் கரும்பு, சாப்பாடு மட்டும் கப்பலில் வரணும். சர்க்கரை காய்ச்ச விறகுகூடப் பற்றாக்குறை. வேலைக்கு ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட மக்கள்.

மண் சீக்கிரமே சத்து இழந்தது. அப்போது என்ன செய்தார்கள் தெரியுமா? வயல் முழுக்கச் சதுரக் குழி வெட்டி, எரு போட்டு, அதில் கரும்பு நட்டார்கள். கிட்டத்தட்ட நம்ம குழி நடவுதான். எருவுக்காகவே மாடு வளர்த்தார்கள். அந்த எருவைக் கூடையில் அள்ளித் தலையில் சுமந்தவர்கள் அடிமைகள். ஒரு பிடி ரசாயன உரம் கிடையாது, அப்போது அது கண்டுபிடிக்கப்படவே இல்லை. இன்றைய சான்றிதழ் ஆய்வாளர் போயிருந்தால் இடுபொருள் பட்டியலில் ஒரு குறையும் சொல்லியிருக்க மாட்டார்.

கடன் விஷயத்துக்கு வருகிறேன். சர்க்கரை லண்டன் தரகு வியாபாரிக்குப் போகும். அவர் விற்று, கமிஷனும் வட்டியும் கழித்துக்கொண்டு, கருவிகளையும் சாமான்களையும் கடனில் அனுப்புவார். அந்தக் கடனுக்குப் பாதுகாப்பாக 1732-ல் பிரிட்டிஷ் பாராளுமன்றம் ஒரு சட்டம் போட்டது. காலனிகளில் கடன் பாக்கிக்காக நிலத்தையும் அடிமைகளையும் ஜப்தி செய்து விற்கலாம். நம்ம சிவில் நடைமுறைச் சட்டம் 60-வது பிரிவு, உழவனின் கருவி, பிழைப்புக்கு வேண்டிய மாடு, விதை தானியம் இவற்றை ஜப்தியிலிருந்து விலக்கி வைக்கிறது. அங்கே மனுஷனே ஈடு. பேரேட்டில் ஆள் பெயருக்கு நேரே ஒரு தொகை.

1833-ல் அடிமை முறையை ஒழிக்கச் சட்டம் வந்ததும் 2 கோடி பவுண்டு இழப்பீடு கொடுத்தார்கள். யாருக்கு? உடைமையாளர்களுக்கு. அடிமையாக இருந்தவர்களுக்கு ஒரு காசு இல்லை, 1838 வரை பழைய எஜமானிடமே உழைக்கவும் வேண்டியிருந்தது. அந்தத் தொகைக்காக அரசு வாங்கிய கடனின் கடைசிப் பாக்கி 2015-ல்தான் அடைந்தது. விவசாயக் கடன் தள்ளுபடி என்றாலே முகம் சுளிக்கிறவர்கள் இதைக் கொஞ்சம் படிக்கணும். பிறகு காலனிகளின் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேடினார்கள். சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறி மொரீசியஸ், கயானா, நேட்டால் என்று போனவர்கள் நம்ம ஜனங்கள்.

இந்த லாபம்தான் இங்கிலாந்தின் தொழில் வளர்ச்சிக்குத் தீனி போட்டது என்று டிரினிடாட்டின் எரிக் வில்லியம்ஸ் 1944-ல் எழுதினார். எத்தனை பங்கு என்று ஆய்வாளர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். போடட்டும். எனக்கு முக்கியம் அந்த முறை. ஒரே பயிர், தூரத்துச் சந்தை, விலையும் கடனும் வியாபாரி கையில், சாப்பாடு வெளியிலிருந்து. ஆலைகள் வருவதற்கு முன்பே இது காலனி மண்ணில் பழகிவிட்டது.

இதை ஏன் இந்தப் பத்திரிகையில் எழுதுகிறேன் என்றால், இப்போது நம்ம ஆட்களிடமும் ஏற்றுமதி ஒப்பந்தத் தாள்கள் வருகின்றன. ‘நஞ்சில்லா விவசாயம்தானே சார், போட்டுடலாமா?’ என்று தம்பிகள் என்னிடம் கொண்டுவந்து காட்டுகிறார்கள். விலையை யார் சொல்வது, சரக்கைத் தள்ளிவிட்டால் நஷ்டம் யாருக்கு, வீட்டுச் சோற்றுக்கு எத்தனை சென்ட் மிச்சம் என்று கேட்கிறேன். ரசாயனம் இல்லை என்ற ஒரே காரணத்துக்காக யாரையும் கையெழுத்துப் போடச் சொன்னதில்லை.

போன மாதம் வந்த ஒரு தாளில் ஆறு ஏக்கரிலும் ஒரே மூலிகை, நாற்றுக்கு முன்பணம். மூன்றாம் பக்கத்தில் இயற்கை விவசாயச் சான்றிதழ் கம்பெனி பெயரில்தான் இருக்கும் என்று போட்டிருந்தது. உழைத்து மண்ணை மாற்றுவது அவர், ஆனால் வேறு யாரிடமும் அந்தச் சான்றிதழைக் காட்டி அவர் விற்க முடியாது. அந்த வரியை அடித்துத் தரச் சொல்லுங்க, ரெண்டு ஏக்கரை நெல்லுக்கும் காய்கறிக்கும் விடச் சொல்லுங்க என்று திருப்பி அனுப்பினேன். கம்பெனியிடமிருந்து இன்னும் பதில் வரவில்லையாம்.