எடை எங்கே இருக்கிறது?



கோட்டூர்புரத்திலிருந்து அடையாற்றைத் தாண்டினால் நந்தனம். அங்கே காஸ்மாபாலிடன் மன்றத்தின் கோல்ஃப் திடல் இருக்கிறது. கோல்ஃபில் பக்கத்து இலக்குக்கும் மணற்குழிக்கும் பயன்படும் மட்டை 'வெட்ஜ்'. இதன் தண்டு குட்டை. ஆகவே தலை கனமாக இருக்கும்.

இதை வாங்குவோர் 'வீச்சு எடை' பார்ப்பதுண்டு. கைப்பிடி முனையிலிருந்து 14 அங்குலத்தில் மட்டையைத் தாங்கி, தலைப்பக்கம் எவ்வளவு இழுக்கிறது என அளப்பார்கள். விடை 'டி 3', 'டி 5' என்று வரும். பெயர்பெற்ற வீரரின் எண்ணையே தனக்கும் கேட்டு வாங்குவது அறிவியல் ஆகாது என்பேன்.

ஏன்? 30 செ.மீ. அளவுகோலின் நடுவில் ஒரு நாணயத்தை ஒட்டி, ஒரு முனையைப் பிடித்து வீசிப் பாருங்கள். பிறகு நாணயத்தை மறுமுனைக்கு மாற்றுங்கள். மொத்த எடை மாறவில்லை. ஆனால் நாணயத்தின் திருப்புத்திறன் இரு மடங்காகிறது. நிலைமத் திருப்புத்திறனோ நான்கு மடங்காகிறது! வீச்சு எடைத் தராசு முன்னதை மட்டுமே அளக்கும். வீசும் கை பின்னதையும் உணரும். எனவே ஒரே எண் கொண்ட இரு மட்டைகளும் கைக்கு வேறுபடலாம்.

சரி, எப்படித் தேர்ந்தெடுப்பது? தலையில் ஏறத்தாழ 2 கிராம் ஈயநாடா ஒட்டினால் வீச்சு எடை ஒரு படி உயரும். ஒவ்வொரு படியிலும் ஒரே இலக்கை நோக்கிப் பத்துப் பந்துகள் அடித்து, விலகலை அளந்து எழுத வேண்டும். சராசரி விலகல் எதில் குறைவோ, அதுவே அவருக்கு ஏற்றது.

நீங்கள் வாங்கும் கிரிக்கெட் மட்டைக்கும் இதே விதிதான். தூக்கிப் பார்த்தால் போதாது. வீசிப் பாருங்கள், அளந்தும் பாருங்கள்!