முகூர்த்தப் புடவைக்கு ஒரு தனி நாள்

ஆவணி பிறந்துவிட்டால் காஞ்சிபுரம் காந்தி ரோட்டில் வேன் நிறுத்த இடம் கிடைக்காது. ஒவ்வொரு வேனிலிருந்தும் பதினைந்து இருபது பேர் இறங்குவார்கள். பெண் வீட்டார், மாப்பிள்ளை வீட்டார், இரண்டு பக்கத்துக்கும் வேண்டிய ஒரு பெரியவர். யாராவது ஒருவர் கையில் பட்டியல் இருக்கும். சம்பந்தியம்மாவுக்கு ஒன்று, நாத்தனார்களுக்கு ஒரே மாதிரி, தாய்மாமன் வீட்டுக்கு விலை குறையாமல், பாட்டிக்கு உறுத்தாத புடவை, மாப்பிள்ளைக்குப் பட்டு வேட்டி. வெள்ளிக்கிழமை என்றால் பத்தரைக்கு ராகுகாலம். அதற்குள் முகூர்த்தப் புடவையை எடுத்துப் பில் போட்டுவிட வேண்டும் என்பதால் அதைத்தான் முதலில் பார்ப்பார்கள். மற்ற புடவைகளுக்கு சாயங்காலம் வரை நேரம் உண்டு. அந்த ஒரு புடவைக்கு முக்கால் மணி நேரம் கிடைத்தால் பெரிது.

இந்த வழக்கத்தை நாம் மாற்றிக்கொள்ள வேண்டும் என்று மனதார நினைக்கிறேன். முகூர்த்தப் புடவைக்கு ஒரு தனி நாள் கொடுங்கள். மொத்த ஜவுளியோடு அதைச் சேர்க்காதீர்கள். நல்ல நேரம் பார்ப்பதை விடச் சொல்லவில்லை. அந்த நேரத்தில் ஒரு ரவிக்கைத் துணியையோ மஞ்சள் தடவிய ஒரு வேட்டியையோ எடுத்து சாஸ்திரத்தை முடித்துக்கொள்ளலாம். புடவையை நிதானமாகப் பார்க்கலாம்.

என் அக்கா மகளுக்குத் தை மாதம் கல்யாணம். எங்கள் பக்கத்தில் முகூர்த்தப் புடவை மாப்பிள்ளை வீட்டார் செலவு. அவர்கள் தங்கமான மனிதர்கள், எவ்வளவு ஆனாலும் சரி என்றுதான் சொன்னார்கள். சிக்கலே அங்கேதான். எவ்வளவு ஆனாலும் சரி என்றதும் கடைக்காரர் உள்ளிருந்து எடுத்து வரச் சொன்னவை எல்லாம் உடல் முழுக்க ஜரிகை அடைத்த புடவைகள். பெரியவர்கள் ஆகா என்றார்கள். தோளில் போட்டுப் பார்த்த பெண் என் காதருகே வந்து, “சித்தி, இதைக் கட்டிக்கிட்டு எப்படி ரெண்டு மணி நேரம் உட்காருவேன்?” என்றாள். சம்பந்தி வீட்டார் காசு கொடுக்கும்போது வேண்டாம் என்று அவளால் எப்படிச் சொல்ல முடியும்? அடர்ந்த ஜரிகைப் புடவை ஒன்று சாதாரணமாக ஒரு கிலோவைத் தாண்டும். அதோடு ஒட்டியாணம், மாலை, ஜடை நாகம், எதிரே ஹோமப் புகை, மேலே விளக்குகள். புடவையைக் கட்டிக்கொள்ளப் போகிறவள் அவள் ஒருத்திதான். அவள் வாயைத் திறக்கத் தோதான இடமாக அந்தக் கடை இருக்க வேண்டும், இருபது பேர் சூழ்ந்து நின்றால் இருக்காது. அன்றைக்கு மற்ற ஜவுளியை முடித்துக்கொண்டு, முகூர்த்தப் புடவையைத் தள்ளிவைத்தோம். மாப்பிள்ளையின் அம்மாதான் முதலில், “அவளுக்குப் பிடிச்சதை அவளே நெய்யச் சொல்லட்டும்” என்றார். அந்த ஒரு சொல்லுக்காகவே அவரை எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று.

நெய்யச் சொல்வது என்பது பெரிய இடத்து விஷயம் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. காஞ்சிபுரத்தின் பட்டுக் கூட்டுறவுச் சங்கங்கள் இதற்கென்றே இருப்பவை. சங்கம் உறுப்பினருக்குப் பட்டு நூலும் ஜரிகையும் கொடுக்கும். அவர் வீட்டுத் தறியில் நெய்து கொண்டுவந்து கொடுத்துக் கூலி வாங்கிக்கொள்வார். தனிப்பட்ட முறையில் தறி வைத்திருப்பவர்களும் ஆர்டர் எடுப்பார்கள். நூல் கர்நாடகத்திலிருந்து வருகிறது, ஜரிகையில் பெரும்பகுதி சூரத்திலிருந்து. அரசே நடத்தும் தமிழ்நாடு ஜரிகை நிறுவனமும் காஞ்சிபுரத்திலேயே இருக்கிறது. நமக்குத் தேவை மூன்று நான்கு மாத அவகாசம். ஒரு பாவு சுற்றினால் பொதுவாக மூன்று புடவை வரும். நூலுக்குச் சாயம் ஏற்றி, பாவு போட்டு, அதைத் தறியில் ஏற்றி, ஒவ்வொரு இழையாக அச்சில் பிணைத்து முடிப்பதற்கே நாள் ஆகும். அதன்பிறகு கணிசமான வேலைப்பாடுள்ள புடவை ஒன்றுக்கு இரண்டு பேர் உட்கார்ந்தாலும் பத்துப் பதினைந்து நாள் பிடிக்கும், வேலை கூடினால் மாதமும் ஆகும். தை முகூர்த்தத்துக்கு மார்கழியில் போய் நின்றால் யாராலும் எதுவும் செய்ய முடியாது.

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் ஒரு வீட்டில் கோர்வை நெய்வதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தோம். தறிக்குழிக்குள் காலை விட்டுக் கணவர் உட்கார்ந்திருக்கிறார். அவருக்கு இடப்பக்கம், தறியின் ஓரத்தில், மனைவி. மூன்று நாடாக்கள். உடலுக்கு ஒன்று, இரண்டு கரைகளுக்கும் ஒவ்வொன்று. ஒரு கரையின் நாடாவை அந்த அம்மா தள்ளுகிறார், அவர் வாங்கி உடல் நாடாவை ஓட்டுகிறார். அரக்கு நிற உடல் இழை கரை வரை வந்து நிற்க, கரையின் பச்சை இழை வந்து அதைக் கொக்கி போல வளைத்துப் பிடித்துக்கொண்டு திரும்பிப் போகிறது. ஒவ்வொரு ஊடைக்கும் இதே வேலை. விரல் நுனியால் இழையைச் சரிசெய்துவிட்டுத்தான் பலகையை இழுத்து அடிக்கிறார். இரண்டு பேரும் பேசிக்கொள்ளவே இல்லை. அவர் கை உயரும் தருணம் அந்த அம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது. இடையில் ஒரு இழை அறுந்தபோது மட்டும், “இரு” என்றார். நாக்கில் தொட்டு ஈரமாக்கி முறுக்கிச் சேர்த்தார். அறுந்த இடம் எது என்று அடுத்த நொடி எனக்குத் தெரியவில்லை.

கரை ஒரு நிறம், உடல் வேறு நிறம், இரண்டும் துளியும் கலக்காமல் பளிச்சென்று நிற்கிறது என்று வியக்கிறோமே, அது இப்படித்தான் நிற்கிறது. கோர்வை இல்லாமல் நெய்தால் ஊடை ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை ஒரே இழையாக ஓடும், உடலின் நிறம் கரைக்குள்ளும் கலந்துவிடும். முந்தானையும் அதேபோல. வேறு நிறத்தில் முந்தி வேண்டும் என்றால் உடலின் பாவு இழைகளோடு புதிய நிறப் பாவை ஒவ்வொன்றாகப் பிணைத்துப் பழையதை வெட்டிவிட வேண்டும். அதைப் பிட்னி என்பார்கள். இரண்டு பாவும் சேர்ந்து கிடக்கும் அந்த இடத்தில் விரலளவு அகலத்துக்குத் துணி சற்றுத் தடிப்பாக இருக்கும். இதை நெசவுக் குறை என்று கருதி மேடு பள்ளம் இல்லாத புடவையைக் கேட்டு வாங்குகிறவர்களைப் பார்த்து மனம் வருந்தியிருக்கிறேன். கையால் செய்த வேலைக்கு அதைவிட நல்ல சான்று கிடையாது.

ஒரு காலத்தில் இந்தக் கரை நாடாவைத் தள்ளப் பிள்ளைகளைத்தான் உட்காரவைத்தார்கள். அந்தக் கொடுமை ஒழிந்து அவர்கள் பள்ளிக்கூடம் போனது மிக நல்லது. வளர்ந்த பிள்ளைகள் ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் கம்பெனி பஸ்ஸில் வேலைக்குப் போகிறார்கள், மாதம் பிறந்தால் சம்பளம். தறியில் உட்கார இரண்டாவது ஆள் கிடைப்பதில்லை. வீட்டில் மனைவிக்கு உடம்பு சரியில்லை என்றால் கோர்வைத் தறி நின்றுவிடும். ஆள் வைத்தால் அந்தக் கூலியும் நெய்கிறவர் வாங்கும் கூலியிலிருந்துதான் போக வேண்டும். ஆகவே கோர்வையை விட்டு, ஒருவரே நெய்யக்கூடிய புடவைக்கு மாறிக்கொள்கிறார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வராது. வாங்க வருகிற நாம் கோர்வைக்கும் மற்றதற்கும் வேறுபாடு பார்க்காமல் பளபளப்புக்கு விலை கொடுக்கும்போது, அந்த இரண்டு பேரின் உழைப்புக்கு யார் தருவார்கள்?

பிரியதர்ஷன் இயக்கிய ‘காஞ்சிவரம்’ படத்தைப் பார்க்காதவர்கள் கல்யாண ஜவுளிக்குப் போகும் முன் பார்த்துவிடுங்கள். மகள் கல்யாணத்துக்குப் பட்டுப்புடவை நெய்து தருவதாக வாக்குக் கொடுத்த நெசவாளி, அதற்காகப் பட்டு நூலை வாயில் ஒளித்துக் கொண்டுவரும் கதை. 2007-ஆம் ஆண்டின் சிறந்த படத்துக்கான தேசிய விருது அதற்குக் கிடைத்தது, பிரகாஷ்ராஜுக்குச் சிறந்த நடிகர் விருதும் கிடைத்தது. சுதந்திரத்துக்கு முந்தைய காலத்துக் கதை. நாங்கள் போன வீட்டில் அந்த அம்மா தன் கல்யாணத்துக்குக் கட்டியது என்ன புடவை என்று என் அக்கா மகள் கேட்டாள். நூல் புடவை என்றார்.

கடையில்தான் வாங்கப் போகிறீர்கள் என்றாலும் சில காரியங்களைக் கட்டாயம் செய்யுங்கள். முதலில் புடவையைத் திருப்புங்கள். கரையும் உடலும் சேரும் இடத்தில் பின்பக்கம் இழைகள் கோத்துக்கொண்டிருப்பது கண்ணுக்கே தெரியும். புடவையைக் கடை வாசலுக்குக் கொண்டுபோய்ப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். உள்ளே விளக்கில் வாடாமல்லியாகத் தெரிந்தது வெளியே வந்ததும் வேறு நிறமாகிவிடும். நல்ல கடைகளில் அவர்களே தூக்கிக்கொண்டு வெளியே வருவார்கள். பட்டு முத்திரை இருக்கிறதா என்று பார்ப்பது நல்ல பழக்கம். மத்தியப் பட்டு வாரியம் 2004-இல் கொண்டுவந்த அந்த முத்திரை, நூல் அசல் பட்டு என்பதற்கு மட்டுமே உத்தரவாதம். கைத்தறியா, ஜரிகை எப்படிப்பட்டது என்பதற்கெல்லாம் அது பொறுப்பேற்காது. 2006-இல் வந்த கைத்தறி முத்திரை வேறு. காஞ்சிபுரம் பட்டுக்குப் புவிசார் குறியீடும் உண்டு. ஒன்று இருந்தால் மற்றவையும் இருக்கும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

ஜரிகையைப் பற்றி நேராகக் கேளுங்கள். அசல் ஜரிகை என்றால் பட்டு நூலின் மேல் வெள்ளிக் கம்பியைச் சுற்றித் தங்க முலாம் ஏற்றியது. ஓரத்து இழை ஒன்றைப் பிரித்து நகத்தால் சுரண்டினால் உள்ளே சிவப்புப் பட்டு நூல் தெரியும். தங்கத்தின் பங்கு நூற்றுக்கு ஒன்றுகூட இருக்காது, விலையைத் தூக்குவது வெள்ளிதான். வெள்ளி விலை ஏற ஏற அசல் ஜரிகைப் புடவை நடுத்தரக் குடும்பத்துக்கு எட்டாமல் போய்க்கொண்டிருப்பது உண்மை. அதற்காக ஹாஃப் ஃபைன் ஜரிகை போட்ட புடவையை வாங்குவதில் அவமானம் ஒன்றுமில்லை. அதை அசல் என்று சொல்லி விற்பதுதான் அநியாயம். பட்ஜெட் குறைவு என்றால் நான் சொல்வது இதுதான்: ஜரிகையைக் குறையுங்கள், நெசவில் குறைக்காதீர்கள். உடலில் புட்டா இல்லாமல், மெல்லிய கரையோடு, நல்ல பட்டில், கோர்வையோடு ஒரு புடவை. ஜரிகைச் சுரங்கமாக விசைத்தறியில் வந்த புடவையைவிட அது எத்தனையோ மேல். ரிசப்ஷனுக்கு லெஹங்கா, ஆரி வேலைப்பாட்டில் ரவிக்கை என்று ஒதுக்கும் பணத்தில் ஒரு பகுதியை இங்கே திருப்பினாலே போதும். சில இடங்களில் ரவிக்கைத் தையற்கூலி புடவை நெய்த கூலியைத் தாண்டிவிடுகிறது என்று கேள்விப்படும்போது எனக்குப் பொறுக்கவில்லை.

நிறம் பெண்ணின் விருப்பம். அரக்கும் மாம்பழ மஞ்சளும்தான் லட்சணம் என்று நான் கட்டாயப்படுத்தமாட்டேன். இளம் ரோஜா நிறத்தில் தாலி ஏறினாலும் தாலி தாலிதான். ஆனால் போட்டோகிராபர் சொல்லும் மண்டப அலங்காரத்துக்கு ஏற்ப நிறம் தேடும் இந்தப் புது வழக்கம் மட்டும் வேண்டாம். மண்டபத்துப் பூ மறுநாள் காலையில் குப்பைக்குப் போகும். புடவை அவளோடு வளைகாப்புக்கும் தங்கச்சி கல்யாணத்துக்கும் வர வேண்டும். கனம் குறைந்த புடவையாக இருந்தால் வரும். கிலோக் கணக்கில் கனக்கும் புடவைகள் பீரோவில் மடிப்பிலேயே இற்றுப்போய், கடைசியில் பழைய பட்டுப்புடவைக்குப் பணம் தருவதாகத் தெருவில் கூவி வருபவரிடம் எடைக்குப் போகின்றன. அவர் அதை எரித்து வெள்ளியை எடுத்துக்கொள்வார்.

அக்கா மகள் கடைசியில் தேர்ந்தெடுத்தது அரக்கு உடல், பச்சைக் கரை, கரையில் தாழம்பூ ரேக்கு. உடலில் புட்டா வேண்டாம் என்றுவிட்டாள். முந்தியில் மட்டும் நாலு வரிசை அன்னபட்சி. ஐப்பசி முடிவதற்குள் தறியிலிருந்து இறங்கிவிடும் என்று சொல்லியிருக்கிறார்கள். அந்தப் பாவில் இன்னும் இரண்டு புடவைக்கு நூல் இருக்கிறது. ஒன்றை மாப்பிள்ளையின் அம்மா தனக்கென்று கேட்டுவிட்டார், அவர் புடவைக்கு ஊடையை மட்டும் மாந்தளிர் நிறத்துக்கு மாற்றச் சொல்லியிருக்கிறார். மற்றதை என் அக்காவும் நானும் எங்களுக்குள் பேசி முடிவு செய்ய வேண்டும்.